இரண்டு தடியன்களுக்கு அடியில்

அன்புள்ள அம்மா,

உன் முழங்கால் வலி தேவலையா? எனக்கும் இப்போது அதே இடத்தில்தான், லேசாக. ஐயோவாவில் குளிர் தொடங்கிவிட்டது.

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் என் வேலை, பந்தோடு ஓடுபவனைப் பிடிப்பதல்ல. "எதிரணியில ரெண்டு தடியனுங்கள உன் மேல இழுத்துப் போட்டுக்கிட்டுக் கெட. ஓடுறவன பின்னால நிக்கிற டார்னெல் பாத்துக்குவான்" என்பார் கோச். சனிக்கிழமை அப்படியே கிடந்தேன். டார்னெல் ஆளைச் சாய்த்தான். அரங்கமே அவன் பெயரைக் கத்தியது. நான் எழவில்லை.

திங்களன்று கோச் அந்தக் காட்சியைத் திரையில் நிறுத்திக் காட்டினார். என் கால் தப்பான பக்கம் மடிந்திருந்தது.

"பாருங்கடா, கால் போனாலும் எடத்த விடல. இப்படிக் கெடக்கணும்!"

பையன்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அப்பாவின் கைத்தடியை அனுப்பி வை. மாத்திரையால் தூக்கம் வருகிறது, முடிக்கிறேன். சனிக்கிழமை டிவியில் என் எண் போட்ட சட்டையைப் பார்த்துக் கைதட்டிவிடாதே. அது வேறு பையன்.

உன் மகன்,
லெவாண்டர்