படிவத்தில் விட்டுப்போன பெயர்

அன்பு மகள் தங்கமணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். டெல்லியில் பனி அதிகம் என்று செய்தியில் பார்த்தேன், வெந்நீரே குடி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் மலையில் சிக்னல் பாதி வார்த்தையில் அறுந்துபோகிறது, நீயும் நான் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாய், அதனால்தான் கடிதம். நான்கு நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு ஒருமுறை போட்ட முட்டையை மறந்து மறுபடியும் போடப் போனேன்.

உன் ஆராய்ச்சிக்காக நீ அனுப்பிய படிவத்தோடு வீடு வீடாகப் போனேன். மாற்றுத்திறனாளிகள் உண்டா, சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லா வீட்டிலும் இல்லை என்றே சொன்னார்கள். பார்வையில்லாத வேடியப்பன்கூட மரவள்ளிக்குக் களை எடுத்துக்கொண்டே, "என்னாண்ட களை எடுத்து ஜெயிக்கிறவன் எவன் கீறான், கூட்டினு வா டீச்சரு" என்று சிரித்தார். கூலிக்குப் போகிறவர் யாரையும் இங்கே அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை, படுத்தே கிடந்தால்தான் சேர்ப்பார்கள். இருசம்மாளின் மகள் செல்லியம்மாளுக்குக் காது கேட்காது. சான்றிதழ் கிடைத்தால் காது மெஷினும் விடுதிப் பள்ளியில் இடமும் கேட்கலாம் என்று எவ்வளவோ சொன்னேன். இருசம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு ஆடு மேச்சிக்கினு நல்லாத்தான கீறா. நீ காலை இழுத்துக்கினு வந்து அவள ஊனம்ன்றியே, இன்னா நியாயம்? மொதல்ல ஒன் பேரை எழுது, அப்பறம் எங்கூட்டுத எழுதலாம்" என்றாள். படிவத்தின் முதல் பக்கம் நம் வீடுதான். அதில் என் கையாலேயே இல்லை என்று எழுதியிருந்தேன்.

ஏன் எழுதினேன் என்று உனக்குத் தெரியும். திருநாவலூர்க்காரர்கள் உனக்குச் சம்பந்தம் பேச வந்தபோது என் கால் மாடு முட்டியதால் இப்படி ஆனது என்று அப்பா சொன்னார். நான் காபி கொடுத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். குற்றம் சொல்லவில்லையம்மா, வாயை மூடிக்கொண்டதில் நான்தான் முதல். தாய்க்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும், பேரனுக்கும் வரும் என்று நினைக்கிற ஜனம். போலியோ அப்படி வராது என்று எத்தனை புத்தகத்தில் படித்திருக்கிறேன், படித்து என்ன.

திங்கட்கிழமை நம் வீட்டுப் பக்கத்தில் இல்லை என்று எழுதியதை அடித்துவிட்டு, கமலா, இடது கால், பத்து மாதக் குழந்தையில் போலியோ என்று எழுதி, இருசம்மாளிடம் போய் வாசித்துக் காட்டினேன். அவள் என் காலையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு, "செல்லியம்மா, வயசு பன்னெண்டு, எழுதிக்கோ" என்றாள். வெள்ளிக்கிழமை கள்ளக்குறிச்சியில் சான்றிதழ் கொடுக்கும் முகாமுக்கு நானும் தாயும் மகளுமாக மூன்று பேரும் பஸ்ஸில் போகிறோம். முகாம் மாடியிலாம். டாக்டர்களைக் கீழே உட்காரச் சொல்லுங்கள் என்று போன் செய்தேன், பார்க்கலாம் என்றார்கள்.

அந்தத் திங்கட்கிழமையே இன்னொரு காரியமும் செய்தேன். மாப்பிள்ளையின் அம்மா ராணியம்மாளுக்கு உண்மையை எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மூன்றாம் ஆள் சொல்லி அவர்களுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் இது உன் கல்யாணம், உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான். அப்பா, "கல்யாணம் முடியிற மட்டும் பொறுக்க முடியலியா ஒனக்கு" என்று கேட்டதோடு சரி, அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. தபால்காரர் சைக்கிள் தெரிந்தாலே வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறேன். இந்தச் சம்பந்தம் போனால் நீ என்மேல் கோபப்படு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

எல்லா நலமும் பெற்று நீ நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஒன்று மட்டும் மறக்காதே, அவர்கள் உனக்குப் போன் செய்து விசாரித்தால், அப்பா சொன்னதைச் சொல்லிச் சமாளிக்காதே. அம்மாவுக்குப் போலியோ என்றே சொல்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கமலா