என் பெயரில் எட்டுப் பாட்டு

ஜனவரி 8, திண்டிவனம்
பன்னிரண்டு வருடமாக ஒரே ராக் குழுவில் பாடுகிறேன். வரிகள் எழுதியது நான். மெட்டில் பாதி நான். பேட்டி கொடுப்பது மட்டும் முழுக்கக் கிட்டார் தென்னரசு. அவனுக்குத்தானே தாடி இருக்கிறது. இன்று யூடியூபில் என்னைப் பற்றித் திருவாய் மலர்ந்திருக்கிறான்: "ஜெசிந்தாவுக்கு நல்ல குரலுங்க. இன்னா சொல்லிக் குடுத்தாலும் அப்படியே பாடிடும்."

கிளி என்றே சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 9
விலகிவிட்டேன். தனி ஆல்பம் போடுகிறேன் என்றதும், "கிட்டாரு யாரு வாசிப்பா?" என்றான் தென்னரசு. நான்தான் என்றேன். சிரித்தான். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தான்.

பிப்ரவரி 20
விழுப்புரத்தில் ஒரு ஸ்டுடியோ கிடைத்தது. சக்கரபாணி அண்ணன் நடத்துகிறார். திருவிழா அறிவிப்பு, தேர்தல் பாட்டு, காதுகுத்து வீடியோ — இதுதான் அவர் தொழில். என் முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இதுல எந்த எடத்துல கை தட்றது?" என்றார். தட்ட வேண்டாம் என்றேன். பாவம், பயந்துவிட்டார்.

மார்ச் 14
ஐந்து பாட்டு முடித்து வரிசையாகக் கேட்டோம்.

"நல்லாத்தான் கீது. ஆனா உங்க பழைய கோஷ்டி பாட்டு மாதிரியே கீதேம்மா" என்றார் அண்ணன்.

உண்மை. அதனால்தான் கோபம். ஒவ்வொரு பல்லவி முடிந்ததும் தென்னரசு கிட்டாரோடு நுழைய இடம் விட்டு வைத்திருக்கிறேன். வராத விருந்தாளிக்கு இலை போட்ட மாதிரி. அறிவு கெட்டவளே, விலகி வந்தது நீதானே?

மார்ச் 15
அஞ்சையும் அழிச்சிட்டேன்.

ஏப்ரல் 2
ஒரு வரிகூட வரவில்லை. அம்மா கேட்டாள்: "கோஷ்டிய வுட்டுட்டு மோட்டுவளையப் பாத்துக்கினு கீறியா?"

ஆமாம்.

ஏப்ரல் 19
தென்னரசுக்குப் பிடிக்குமே என்று இத்தனை காலம் பிரபஞ்சம், வெறுமை என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது பிரபஞ்சத்துக்கு நான் ஏங்கியதே இல்லை. உட்கார ஒரு சீட்டுக்குத்தான். அதை எழுதினேன். ஒரே மூச்சில் வந்தது.

ஆகஸ்ட் 10
ஆல்பம் வெளியீடு, விழுப்புரம். எட்டுப் பாட்டு. நாற்பது நாற்காலி, பத்தொன்பது பேர். அதில் மூவர் ஏசிக்காக. கடைசி வரிசையில் தென்னரசு, தாடியோடு. கிட்டாரில் இரண்டு இடம் சொதப்பினேன். யாரும் சாகவில்லை.

முடிவில் ஒருவர் எழுந்து, "அந்தப் பழைய பாட்டு, தென்னரசு சார் பாட்டு, பாடுங்க" என்றார்.

"சாரே பின்னால கீறாரு. அவரையே பாடச் சொல்லுங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பிக் கை தட்டினார்கள். எழுந்தான். இரண்டு வரி பாடினான். மூன்றாவது வரி வரவில்லை. மேலே பார்த்தான், அங்கேயும் இல்லை.

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். எழுதியவளுக்குத் தெரியாதா?

செப்டம்பர் 2
காலையில் தென்னரசு போன். குழுவில் சங்கவி என்று ஒரு புதுப் பாடகியாம். "வரி மட்டும் எழுதிக் குடேன், ஜெசி."

"அந்தப் பொண்ணையே எழுதச் சொல்லு. எழுதினா, அவ பேரைப் போடு."

போனை வைத்துவிட்டேன். பதினோரு மணிக்கு விழுப்புரத்தில் ரெக்கார்டிங், கிளம்ப வேண்டும்.