உன் அம்மாவுக்கு ஒரு டிக்கெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம்தான், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன வாரம் நீ பேசியபோது பேரனுக்கு இருமல் என்றாய், உன் குரலிலும் தூக்கக் கலக்கம் தெரிந்தது, கேட்டதற்கு வேலை அதிகம் என்றாய். கால்பந்து டிக்கெட் விற்பனை தொடங்குகிற நேரம் உங்கள் ஊரில் விடிவதற்கு முன்பு என்பதும், எங்களுக்காக மூன்று நாள் அலாரம் வைத்து எழுந்து கணினி முன்னால் உட்கார்ந்தாய் என்பதும் மாப்பிள்ளை சொல்லித்தான் தெரிந்தது. இனி அதற்கு அவசியமில்லை, நிம்மதியாகத் தூங்கு. அந்த விவகாரம் ஒரு மாதிரியாக முடிந்துவிட்டது. போனில் சொன்னால் நீ நடுவில் நடுவில் கேள்வி கேட்பாய், அம்மா பக்கத்திலிருந்து திருத்தம் சொல்வாள், வரிசை கெட்டுப்போகும், அதனால் எழுதுகிறேன். மற்றபடி இங்கே புதிதாக ஒன்றுமில்லை. குளியலறைச் சுவரில் ஓதம் இறங்கியது, ஆள் வைத்துப் பூசியாகிவிட்டது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியாருக்குக் கண் அறுவை முடிந்து இப்போது தெருவில் போகிறவர்களின் காலணி வரைக்கும் தெரிகிறதாம், அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உலகக் கோப்பைக் கால்பந்து நம் ஊருக்கு வருவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை வந்தது முப்பத்தோரு வருஷத்துக்கு முன்பு, உனக்கு அப்போது நான்கு வயது, நினைவிருக்காது. நான் விளையாட்டுப் பக்கத்து நிருபர், கழுத்தில் ஒரு பாஸ் தொங்கும், அதைக் காட்டினால் எந்த வாசலும் திறக்கும். அது எனக்கு மட்டும்தான், குடும்பத்துக்குச் செல்லாது. அம்மா ஒரு ஆட்டமாவது நேரில் பார்க்க வேண்டும் என்றாள், யாரிடமும் போய் நிற்க வேண்டாம், நானே வரிசையில நின்னு வாங்கிக்கிறேன் என்றாள். ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு மணிக்கு உன்னையும் ஒரு குடையையும் தண்ணீர்ப் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். வெளிச்சுவரை ஒட்டி வரிசை, வளைந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும். பன்னிரண்டு நாற்பதுக்குக் கவுண்ட்டரை மூடிவிட்டார்கள். அவளுக்கு முன்னால் பதினொரு பேர் இருந்தார்கள். இந்த எண்ணிக்கையெல்லாம் அவள் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னது.

அதே பன்னிரண்டு நாற்பதுக்கு நான் எங்கே இருந்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. அந்தச் சுவருக்கு உள்பக்கம், கவுண்ட்டரிலிருந்து ஐம்பதடி தூரத்தில், அமைப்புக்குழுச் செயலாளரின் அறையில் இருந்தேன். தலைக்கு மேலே மின்விசிறி, கையில் தேநீர், தட்டில் க்ரீம் பிஸ்கட். டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடு என்பதெல்லாம் வதந்தி, வருகிற எல்லோருக்கும் கிடைக்கிறது என்று செயலாளர் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் எட்டாம் பக்கத்தில் பன்னிரண்டு வரி வந்தது, டிக்கெட் தட்டுப்பாடு இல்லை என்று தலைப்பு. அன்று மாலை நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் அதைப் பார்த்தேன், பார்த்துவிட்டு என்ன என்று கேட்காமல் குளிக்கப் போய்விட்டேன், அவ்வளவு அவசரம் எனக்கு. காலையில் அவள் பேப்பரை விரித்து அந்தப் பன்னிரண்டு வரியையும் சத்தமாகப் படித்தாள். நல்லா எழுதியிருக்கீங்க, ஒரு எழுத்துப் பிழைகூட இல்ல என்றாள். பேப்பரை நாலாக மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் நீதான் என் மடியில் ஏறி உட்கார்ந்து, அப்பா, அந்த மாமா ஜன்னலை மூடிட்டாரே, மறுபடி எப்ப திறப்பாரு என்று கேட்டாய். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுநாள் ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். செயலாளர் சொன்னாரா இல்லையா, சொன்னார்ல, அப்ப செய்தி சரிதான்யா, போய் வேலையப் பாரு என்றார். நானும் போய் வேலையைப் பார்த்தேன். அந்தத் தொடரில் ஒன்பது ஆட்டங்களுக்குப் போனேன். அம்மா ஒன்பதையும் வானொலியில் கேட்டாள். அதைப் பற்றி அவள் சண்டை போட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும், போடவில்லை.

இந்த முறை இங்கே ஆட்டங்கள் நடக்கப்போகின்றன என்று போன வருஷம் டிவியில் அறிவித்தபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே, இந்தத் தடவை உள்ள போய்ப் பாத்துடணும், எந்த ஆட்டமா இருந்தாலும் சரி என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பாப்பா, நான் ஓய்வுபெற்று ஒன்பது வருஷமாகிறது, பாஸ் இல்லை, என் பெயரைச் சொன்னால் பழைய பத்திரிகை அலுவலக வாசலில் காவலர்கூட எந்தப் பிரிவு என்று கேட்கிறார். வாழ்க்கையில் ஒரு டிக்கெட்டும் வாங்கி அறியாதவன் நான். அவளுக்கு இதை வாங்கிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

முதல் விற்பனை நாளன்று பதினொரு மணிக்குத் திரையைத் திறந்தால் ஒரு கோடு, கோட்டின் ஓரத்தில் ஒரு குட்டி மனிதன், அவன் நடந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தால் நம் முறை. எனக்கு முன்னால் அறுபத்தோராயிரத்து நானூற்று எட்டுப் பேர். கணக்கு வாத்தியார் தன் கணினி, மகனுடைய பழைய கணினி, கைப்பேசி மூன்றையும் தூக்கிக்கொண்டு நம் கூடத்துக்கே வந்துவிட்டார். நிமிஷத்துக்கு எத்தனை பேர் நகர்கிறார்கள் என்று தாளில் போட்டுப் பார்த்து மூன்றே கால் மணிக்கு நமக்கு வரும் என்றார். மூன்று பன்னிரண்டுக்கு வந்தது, கெட்டிக்காரர்தான். வந்த திரையில், இன்றைய விற்பனை முடிந்தது, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று இருந்தது. வாத்தியார் வயர்களைச் சுருட்டிக்கொண்டே, என்ன சார், முப்பது வருஷம் ஓசியில பாத்தீங்கல்ல, இப்பத்தான எங்க பொழப்பு தெரியுது என்றார். அம்மா அடுப்படியில் சிரித்தது எனக்குக் கேட்டது.

இரண்டாம் விற்பனையில் நான் செய்த காரியத்தை வாத்தியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், நீ என்னிடமே தெரிந்துகொள். அன்று குட்டி மனிதன் இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். திரையில் இரண்டு இருக்கைகள், பக்கத்துப் பக்கத்தில், கிழக்கு கேலரி முப்பத்தோராம் வரிசை. பத்து நிமிஷம் கெடு. அம்மா என் பின்னால் நின்றுகொண்டு, அழுத்துங்க, அழுத்துங்க என்கிறாள். எனக்கு அந்த மைதானத்தின் ஒவ்வொரு படியும் தெரியும், பாப்பா, அதுதான் வினை. கிழக்கு முப்பத்தொன்றில் உட்கார்ந்தால் ஐந்தரை மணி வரை வெயில் முகத்தில் அடிக்கும், ஒளிபரப்பு கேமரா மேடை இடது மூலையை மறைக்கும், மூலை உதை ஒன்றுகூடத் தெரியாது. முப்பத்தோரு வருஷம் கழித்து அவளை உட்கார வைக்கிற இடம் இதுவா என்று தோன்றிவிட்டது. மேற்கில் நல்லதாக இருக்கிறதா என்று பார்க்கப் பின்னுக்குப் போகிற பொத்தானை அழுத்தினேன். மேற்கில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தால் கிழக்கிலும் இல்லை. ஏன் பின்னுக்குப் போனேன் என்று அவளிடம் சொன்னேன். எனக்கு வெயில் அடிச்சா என்ன, மேடை மறைச்சா என்ன, உள்ள இருந்திருப்பேன்ல என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. பிறகு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தாள், அதை என்னால் குடிக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்யாதது இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்டு இன்று விளையாட்டு ஆசிரியராக இருப்பவரைப் போய்ப் பார்த்தேன். நல்ல பிள்ளை, எழுந்து நின்று நாற்காலி போட்டார். மூத்தவர்களுக்கு ஒரு பாஸ் இருக்கு சார், உங்களுக்கு எடுத்துத் தர்றேன், ஆனா உங்களுக்கு மட்டும்தான் என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டேன். நீ மூன்றாம் முறை விழித்திருந்ததும் அந்த வாரம்தான். கடைசியில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கிற டிக்கெட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்ப விற்பனைக்கு வரும் என்று வாத்தியார் கண்டுபிடித்துச் சொன்னார். கூடத்து மேசையில் அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், ஆளுக்கொரு கைப்பேசியோடு நான்கு நாள் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு அங்கேயே. கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இவ்வளவு நேரம் எதிரெதிரே உட்கார்ந்ததில்லை, அப்போதெல்லாம் நான் எங்கே வீட்டில் இருந்தேன். நான்காம் நாள் அம்மா, வந்துடுச்சு என்றாள். தெற்கு கேலரி, கோலுக்குப் பின்னால், ஒரே ஒரு இருக்கை. நான் குறுக்கே பேசவில்லை. ஐந்தாறு நொடியில் அவளே அழுத்தி முடித்துவிட்டாள். இருபது நிமிஷம் கழித்து அதே ஆட்டத்துக்கு எனக்கு ஒன்று வந்தது, வடக்கு கேலரி, அந்தப் பக்கத்துக் கோலுக்குப் பின்னால். மாற்றிக்கொள்ள வழியில்லை. தனியா போயிடுவியா என்று கேட்டேன். ஏன், நீங்க இத்தனை வருஷம் யாரோட போனீங்க என்றாள்.

ஆட்டம் போன சனிக்கிழமை. எந்த இரண்டு நாடுகள் என்று நீ பேப்பரில் பார்த்திருப்பாய். வாசலில் அவள் தெற்கே போனாள், நான் வடக்கே போனேன், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் விறுவிறு என்று நடந்தாள். பத்திரிகையாளர் மாடத்தில் நமக்கு மேசை உண்டு, விளக்கு உண்டு, யார் எந்த எண் என்று அச்சடித்த தாள் உண்டு, அங்கே கைதட்டுவது மரியாதையில்லை. கேலரியில் என் முழங்கால் முன்னால் இருப்பவர் முதுகில் இடித்தது, பின்னால் இருந்தவர் ஆட்டம் முழுக்க என் தோளைத் தன் தோளாக நினைத்துக்கொண்டார். இடைவேளை வரை ஒன்றும் இல்லை. எழுபத்தெட்டாம் நிமிஷம் ஒரே ஒரு கோல், அது அம்மாவின் பக்கத்தில் விழுந்தது. நான் பார்த்தது தூரத்தில் வலை ஆடியதை மட்டும்தான், யார் அடித்தது என்று பக்கத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவள் பத்து கெஜத்தில் பார்த்திருக்கிறாள். கோல் விழுந்ததும் அந்தக் கோல்காப்பாளர் பந்தை எடுக்கப் போகாமல் கம்பத்தைப் போய் ஒரு தட்டு தட்டினாராம், சின்னப் பிள்ளையின் முதுகைத் தட்டுவது போல. நூற்றுக்கணக்கான கோல்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்றை நான் எழுதியதில்லை.

கடைசி விசில் ஊதியதும் என் கைப்பேசி அடித்தது. இரைச்சலில் அவள் கத்துகிறாள், எந்திரிங்க, எந்திரிச்சுக் கையத் தூக்குங்க, நான் பாக்கறேன் என்று. எழுந்து தூக்கினேன். என்னைச் சுற்றி இருபதாயிரம் பேர் எழுந்து கையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கேலரிக்கும் நடுவே நூற்றைம்பது மீட்டருக்குக் குறையாது. தெரியுது, தெரியுது, நல்லாத் தெரியுது என்றாள். அந்தத் தூரத்தில் தெரிய வழியே இல்லை, அவளுக்குப் படிப்பதற்கே கண்ணாடி வேண்டும். ஆனாலும் அதை நான் விசாரிக்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியிலும் கேட்கவில்லை. அவள் தெரிந்தது என்று சொன்னாள், தெரிந்தது என்றே இருக்கட்டும்.

அவ்வளவுதான் விஷயம். பேரனுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடு, இருமல் பத்து நாளைத் தாண்டினால் மருத்துவரிடம் காட்டாமல் இருக்காதே. மாப்பிள்ளையை வேகமாக வண்டி ஓட்ட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். உன் பாஸ்போர்ட் மார்ச்சில் முடிகிறது, இப்போதே விண்ணப்பம் போட்டு வை, அதற்கும் ஒரு வரிசை இருக்கும். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும்.

என்றும் உன் நலம் நினைக்கும்
அப்பா

பாப்பா, உறையை ஒட்டுவதற்கு முன்னால் படித்துப் பார்க்கச் சொன்னார், படித்தேன். எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த நர்ஸம்மாவிடம் பைனாகுலர் இருந்தது. அதில்தான் பார்த்தேன், முகம் பக்கத்தில் இருப்பது போலத் தெரிந்தது. அப்பா போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒரு கையைத் தூக்கிக்கொண்டே இன்னொரு கையால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றித் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும் இல்லை. அதை எழுதாமல் விட்டுவிட்டார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா