கிப்பாஸ் மாத்த வேணாம்

இரண்டு முறை துவைத்தும் என் சட்டைக் கையிலிருந்து டீசல் வாடை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் படகுக்குப் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை. இன்று கொடியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன், எரிச்சல் வரவில்லை. நன்றாக எரிந்த டீசலின் வாடை அது, கரி கலக்காதது. இரண்டு மாதங்களுக்கு முன்பு இதே படகிலிருந்து இறங்கியபோது என் மூக்குத் துளைகூடக் கறுத்திருந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். இதை வேறு யாரிடமும் சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும்.

செடெனாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பள்ளிப் பேருந்தில் நீ ஏறும்போதே உன் குரல் முதலில் ஏறும். ஜன்னலோரம் புத்தகத்தோடு நான் பிடித்து வைத்திருந்த இடத்தை ஒரு நாளும் நீ கேட்டு வாங்கியதில்லை, என்னைத் தள்ளிக்கொண்டுதான் உட்கார்வாய். அப்படிப்பட்டவள் கல்யாணமாகிப் பத்து பாகாட் ஊருக்குப் போய், ஆடைத் தொழிற்சாலை வேலையை விட்டு, தூண்டில்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப்போகப் படகு வாங்கினாய் என்று கேள்விப்பட்டபோது நான் ஆச்சரியப்படவில்லை. உன் வீட்டுக்காரர்தான் ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருந்தார். முதல் மூன்று மாதம் அவர் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்ததையும், நீ ஒரு கையில் சுக்கானும் மறு கையில் அவர் சட்டைக் காலருமாக நின்றதையும் அவரே சொல்லிச் சிரிப்பார். “கேப்டன் அவதான் தங்கச்சி, நான் கயிறு கட்டுற ஆளு” என்பார். எனக்கு அவர் அண்ணன்.

பழைய என்ஜின் செத்தபோதுதான் என்னைக் கூப்பிட்டாய். செனாய்த் தொழிற்சாலையில் பல்சக்கரங்களை அளந்து பார்க்கும் வேலையில் இருக்கிறேன் என்பதால், உலகத்தில் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் நான்தான் பொறுப்பு என்பது உன் எண்ணம். லாரியிலிருந்து கழற்றிய பழைய என்ஜின் ஒன்றைப் பட்டறைத் தவுக்கே, அந்தச் சீன முதலாளி, பார்த்து வைத்திருந்தார். அதைப் படகுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பார். சக்தி கிட்டத்தட்ட முன்னதைப் போலத்தான். ஆனால் முன்னது நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்றில் முழு வேலை செய்யும், இது இரண்டாயிரத்து எண்ணூற்றில்தான் செய்யும். “வேகமாச் சுத்துது, அப்போ படகும் வேகமாப் போகும்லா” என்றாய். அங்கேதான் நம் சண்டை தொடங்கியது.

சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, துண்டுத்தாளின் பின்பக்கம் நான் எழுதிக் காட்டினேன். பழைய என்ஜினின் சுற்றைப் பழைய கியர்பாக்ஸ் பாதியாக்கியது. தண்ணீருக்குள் கிப்பாஸ் ஆயிரம் முறை சுற்றியது. படகின் உந்துவிசிறிக்கு ஆற்றங்கரையில் வேறு பெயர் கிடையாது, மலாய்க்காரர், சீனர், நாம் எல்லோருக்கும் அது கிப்பாஸ்தான். புது என்ஜினுக்கு மூன்றுக்கு ஒன்று கியர்பாக்ஸ் கிடைத்திருந்தால் பழைய கிப்பாஸையே வைத்துச் சமாளித்திருக்கலாம். கிடைத்ததோ இரண்டரைக்கு ஒன்று. அப்படியானால் கிப்பாஸ் ஆயிரத்து நூற்றிருபது முறை சுற்ற வேண்டும். சுற்று கொஞ்சம் கூடினால் தண்ணீரின் சுமை நிறையக் கூடும். என்ஜினால் அதைத் தள்ள முடியாது. சுற்று ஏறாமல் திணறும், கரியைக் கக்கும், சூடேறிச் சில மாதங்களில் தன்னைத் தானே தின்றுவிடும்.

உன்னிடம் இருந்த கிப்பாஸ் இருபத்திரண்டு அங்குல அகலம், பதினெட்டு அங்குலப் பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல, ஒரு சுற்றில் தண்ணீருக்குள் எவ்வளவு முன்னேறப் பார்க்கிறது என்பதுதான் பிட்ச். அகலம் இருக்கட்டும், பிட்சைப் பதினைந்தாகக் குறை என்றேன்.

நீ தாளையே பார்க்கவில்லை. “புது என்ஜின் வாங்கிட்டு கிப்பாஸ்ல மூணு இன்ச்ச கொறைக்கச் சொல்றியேடீ. மீனெல்லாம் சிரிக்கும்.”

சைக்கிளில் பெரிய பல்சக்கரத்தைப் போட்டுக்கொண்டு தோட்டத்து மேட்டில் ஏறிப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். ஆற்று முகத்தில் வடியும் தண்ணீரை எதிர்த்து வரும்போது தள்ளு குறைந்தால் படகு சேற்றுத் திட்டில் போய் உட்காரும், அப்போது சைக்கிள் கதை சொல்லத் தூண்டில்காரர்களிடம் நான் வருவேனா என்று நீ கேட்டாய். அது நியாயமான பயம். இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அடுத்ததாக நீ சொன்னது என்னைத் தைத்துவிட்டது.

“ஒன் புஸ்தகத்துல கடல் எத்தன பக்கம்டீ இருக்கு?”

விளையாட்டாகத்தான் சொன்னாய். நான் தாளை மடித்து உன் கைப்பைக்குள் வைத்துவிட்டு, செனாய்க்குத் திரும்ப நேரமாகிறது என்று எழுந்துவிட்டேன். கோபம் என்று காட்டிக்கொள்ளவுமில்லை. நீ கடை வாசல் வரை வந்து, பார்க்கலாம் என்று கையாட்டினாய். இரண்டு வாரம் நானாக அழைக்கவில்லை. அதற்குள் டிங்கிக் காய்ச்சல் வந்தது உனக்கு. நான் மருத்துவமனைக்கு வந்த அன்று நீ கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், குழாய்களோடு இருந்தாய். பேசும் நிலையைத் தாண்டியிருந்தாய்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்த வாரத்தில் அண்ணன் என்ஜினைப் படகில் இறக்கினார். ஓட்டிப் பார்க்கும்போது நானும் இருக்க வேண்டும் என்று கூப்பிட்டார். படகில் பின்னால் பழைய கிப்பாஸே இருந்தது. மெதுவாக, ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன்.

“அவ மாத்த வேணாம்னு சொல்லிட்டாம்மா. ஆஸ்பத்திரிலேருந்து அனுப்புன கடைசி வாய்ஸ் மெசேஜே அதுதான். கிப்பாஸ் மாத்த வேணாம்னா.”

காய்ச்சலில் படுத்துக்கொண்டு, உலகத்தில் கவலைப்பட எத்தனையோ இருக்க, என் கணக்கை வேண்டாம் என்று சொல்வதற்குக் கடைசி மூச்சைச் செலவு செய்திருக்கிறாய் என்று மட்டும் தோன்றியது. அண்ணன் முழு வேகத்துக்குத் தள்ளினார். மீட்டரின் முள் இரண்டாயிரத்து நானூற்றில் நின்று நடுங்கியது. அதற்கு மேல் ஏறவில்லை. புகை பின்னால் கறுப்புத் துணிபோல விரிந்தது. சூடு காட்டும் முள்தான் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் கரியோடு கரை திரும்பினோம்.

பட்டறைத் தவுக்கே புகையைப் பார்த்ததுமே கிப்பாஸ் பெரிது என்றார். என்னிடமும் தனியாகச் சொன்னார்: இப்படியே ஓட்டினால் வருஷம் தாங்காது. அண்ணன் அசையவில்லை. அவருக்கு அது என்ஜின் விஷயமே இல்லை. “அவ பேச்ச உசுரோட இருக்கும்போதே நான் மீறுனதில்ல. இப்பவா மீறுவேன்? ஓடலன்னா படக வித்துடுறேன்.”

அதை அவர் சும்மா சொல்லவில்லை. மறு வாரமே பொந்தியானிலிருந்து யாரோ வந்து படகைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தூக்கம் கெட்டது. நீ நின்று ஓட்டிய படகு, என் எண்ணுக்கும் உன் சொல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விலைக்குப் போகிறது. வாதாடினால், செத்துப்போன தோழியை ஜெயிக்கப் பார்க்கிறாள் என்றுதான் என் காதிலேயே கேட்கும். வாதாடாவிட்டால் படகு போய்விடும். எத்தனையோ புத்தகத்தில் எத்தனையோ பேரின் மௌனத்தைப் படித்துப் பாராட்டியிருக்கிறேன். என் மௌனத்தைப் பாராட்ட ஒன்றும் இருக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மனம் கேட்காமல் பட்டறைக்குப் போனேன். பதினைந்து அங்குலப் பிட்ச்சில் பழைய கிப்பாஸ் ஏதாவது கையிருப்பில் இருக்கிறதா என்று பார்த்து வைக்கலாம், கேட்பதில் தப்பில்லை என்று. தவுக்கே தேடிக்கொண்டிருந்தபோது, மூலையில் லாரி என்ஜினிலிருந்து கழற்றிய சாமான்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தேன். மேலே ஒரு பெரிய பிளாஸ்டிக் விசிறி, ஏழு இதழில் இரண்டு உடைந்து. லாரியில் ரேடியேட்டருக்குக் காற்றடிக்கிற விசிறி. படகில் அதற்கு வேலை இல்லை, கடல் தண்ணீரே என்ஜினைக் குளிர வைத்துவிடும்.

நான் அதைப் பார்ப்பதைக் கண்ட தவுக்கே மலாயில் சாதாரணமாகச் சொன்னார்: “இந்தக் கிப்பாஸ் வரும்போதே உடைந்திருந்தது, வேறு போடவா என்று உன் கூட்டாளியிடம் போன் பண்ணிக் கேட்டேன், மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், பாவம், அப்போது ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.”

இந்தக் கிப்பாஸ். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகும் சில விநாடிகள் எனக்கு விளங்கவில்லை. வீட்டுக் கூரையில் சுற்றினாலும், லாரியின் மூக்கில் சுற்றினாலும், படகின் வாலில் சுற்றினாலும் மலாயில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். நான் தவுக்கேயிடம் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். மூன்றாவது முறை அவர் என்னைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார்.

நேராக உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கதவைத் திறந்ததும், அந்த மெசேஜை முழுதாகக் கேட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். அவர் முகம் மாறியது. பாதியில் வார்டுக்குள்ளிருந்து தாதி கூப்பிட்டுவிட்டாளாம், நிறுத்திவிட்டு ஓடினாராம். பிறகு அதைத் தொட முடியவில்லை என்றார். மீதியையும் கேட்டுவிட்டால் அந்தக் குரல் அதோடு முடிந்துவிடும் என்று அப்படியே வைத்திருக்கிறாராம். நான் வற்புறுத்தவில்லை, தவுக்கே சொன்னதை மட்டும் சொன்னேன். வெகுநேரம் போனைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு மேசைமேல் வைத்து, அவரே அழுத்தினார்.

“என்னங்க, தவுக்கே போன் பண்ணாரு. கிப்பாஸ் மாத்தவான்னு கேக்குறாரு. மாத்த வேணாம்னு சொல்லிட்டேன், ஒங்ககிட்ட கேட்டாலும் அதையே சொல்லுங்க.”

இங்கே ஒரு இருமல். தண்ணீர் குடிக்கிற சத்தம். அண்ணன் இது வரைக்கும்தான் கேட்டிருந்தார்.

“முன்னாடி ஒடஞ்சு கெடக்குறத கழட்டிப் போட்டுடுங்க. நாம என்ன லாரியா ஓட்டப் போறோம்? அப்புறம், பின்னாடி உள்ளதுக்கு அவ சொன்ன பதினஞ்சுதான் சரி போல. படுத்துக்கிட்டே அந்தத் தாள எடுத்துப் பாத்தேன். நீங்க அவகிட்ட சொல்லாதீங்க, நானே வந்து சொல்லிக்கிறேன். இப்பவே தெரிஞ்சா தலமேல ஏறி ஒக்காந்துக்குவா.”

அண்ணன் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து சமையலறைக்குப் போனார், குழாயைத் திறந்துவிட்டார், நெடுநேரம் மூடவில்லை. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது அழுகை இல்லை. இரண்டு மாதமாகத் தோளில் இருந்த ஏதோ ஒன்று, எழுந்து போய் வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. கணக்கு சரி என்று நீ ஒப்புக்கொண்டது கூட இரண்டாம் பட்சம். அந்தத் தாளை நீ தூக்கிப் போடவில்லை. கைப்பையிலேயே வைத்திருந்து, மருத்துவமனைக்கும் கொண்டு போயிருக்கிறாய்.

போன வாரம் படகைக் கரையேற்றிக் கிப்பாஸை மாற்றினார்கள். ஞாயிறு காலை, தண்ணீர் வடிந்துகொண்டிருந்த நேரமாகப் பார்த்து அண்ணன் கிளப்பினார். நீ பயந்த இடத்திலேயே சோதித்துவிடலாம் என்றார். அவர் தள்ளத் தள்ள முள் ஏறியது. இரண்டாயிரத்து நானூற்றில் நான் முள்ளையே பார்த்தேன். அது அங்கே நிற்கவேயில்லை. இரண்டாயிரத்து எண்ணூற்றைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டி, நிதானமாக நின்றது. சூட்டு முள் நடுவிலேயே இருந்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் புகை இருப்பதே தெரியவில்லை, வாடை மட்டும். ஆற்று முகத்தில் எதிர்த் தண்ணீரைப் பிடித்து, சேற்றுத் திட்டைத் தாண்டி, படகு குலுங்காமல் உள்ளே வந்தது. வேகம் முன்னைவிடக் கூடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ எதிர்பார்த்த பறக்கிற படகு கிடைக்கவில்லை. நிறைய நாள் உழைக்கிற படகு கிடைத்திருக்கிறது. பொந்தியான்காரருக்குப் படகு விலைக்கு இல்லை என்று அண்ணன் சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கு ஐந்து தூண்டில்காரர்கள் படகைப் பேசியிருக்கிறார்கள். அண்ணன் இப்போதெல்லாம் வாந்தி எடுப்பதில்லையாம், சுக்கானைப் பிடித்தால் வாந்தி வராது என்கிறார்.

அந்த மெசேஜை எனக்கும் அனுப்பவா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். அது “என்னங்க” என்று தொடங்குகிறது, அவருடையது. உடனே அவர் முகம் வாடியதைப் பார்த்து, எது வேண்டாம், ஏன் வேண்டாம் என்று அங்கேயே உட்கார்ந்து முழுதாகச் சொன்னேன். முன்பெல்லாம் நான் அப்படிச் சொல்லக்கூடியவள் இல்லை. இப்போது என்னிடம் யார் வேண்டாம் என்றாலும், எதை என்று ஒரு தரம் கேட்டுவிடுகிறேன். வேலையிடத்தில் அதற்காகச் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நீ வந்து சொல்லுவதாக இருந்ததை நான் கேட்டுவிட்டேன். தலைமேல் ஏறி உட்காரவில்லை. பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன், நீ என்னைத் தள்ளிக்கொண்டு உட்காருகிற அளவுக்கு இடம் விட்டு.