ஜன்னல் சாத்த ஒரு ஏசி

ஏங்க,

சாப்பாடு மூணு பேருக்குச் செஞ்சு வச்சிருக்கேன். என் சாவி டிவி பக்கத்துல இருக்கு. பதினோரு மணிக்கு ஏசி மெக்கானிக் அளவெடுக்க வருவாரு, வேண்டாம்னு அனுப்பிடுங்க. "இந்த ஊருக்கு ஃபேனே அதிகம், வாடகை வீட்டுக்கு எதுக்குடி ஏசி"ன்னு குதிச்சீங்களே, அது சரிதான். நான் கேட்டது வெயிலுக்காக இல்ல. நீங்க வாயைத் திறக்கும்போது ஜன்னலைச் சாத்த எனக்கு ஒரு சாக்கு வேணும்னுதான். இனி எதையும் மூடி மறைக்கப் போறதில்ல. எல்லா ஜன்னலையும் திறந்து வச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போறேன்.

பி.கு.: நீங்க பயப்படுற ஒரே ஆள், உங்க அண்ணன், சாயங்காலம் வர்றாரு. எதிர்வீட்டு டீச்சரும் வருவாங்க. ஒரு வருஷமா நம்ம ஜன்னல் வழியா கேட்டதையெல்லாம் தேதி போட்டு எழுதி வச்சிருக்காங்க. அண்ணன் முன்னாடி வாசிச்சுக் காட்டுவாங்க. நான் படிச்சுப் பார்த்துட்டேன், ஒரு எழுத்துப்பிழைகூட இல்ல.