ஆர்ஜென்டினா என்று சொன்ன மச்சாளுக்கு

என் அண்ணனைக் கல்லாற்றுக்கு மாப்பிள்ளையாக எடுத்த, என் பிரியமான பவானி மச்சாள்,

நாம் இருவரும் விளையாடிய இறுதிப் போட்டி தொலைக்காட்சியில் போனதை நீங்கள் பார்க்கவில்லை. அன்று என்ன நடந்தது என்று இத்தனை வருடமாக நான் உங்களுக்குச் சொல்லவுமில்லை. இப்போது யுத்தம் முடிந்து, உட்கார்ந்து எழுதுகிற அளவுக்கு ஓர் அமைதி வந்திருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து வரலாம் என்று அந்தப் பொது அறிவுப் போட்டிக்கு அறிவித்தல் வந்தபோது, அண்ணன்தான் நம் பெயரை அனுப்பினார். "ரெண்டு பேரும் எந்த நேரமும் வாயடிக்கிறதுதானே, அங்க போய் அடிங்க" என்றார். சமாதான காலம் அது. மண்டூரில் இருந்து படகுப்பாதையில் வாவியைக் கடந்து உங்கள் வீட்டுக்கு வருவேன். கணக்கும் விஞ்ஞானமும் எனக்கு. விளையாட்டு, சினிமா, நாடுகள் எல்லாம் உங்களுக்கு. கணவாய் மீனுக்கு மூன்று இதயம் என்று நான் ஒருநாள் சொன்னபோது, அடுப்பில் இருந்த சட்டிக்குள் எட்டிப் பார்த்து, "அப்ப இதுக்குள்ள எத்தின இதயம் கிடக்கு கா?" என்று கேட்டீர்கள்.

கொழும்பில் நடந்த இறுதிப் போட்டியில் எதிரே இருந்தவர்கள் ஒரு தகப்பனும் மகனும். கடைசிக் கேள்வி வரும்போது இரண்டு பக்கமும் சமமான புள்ளி. முதலாவது உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தில் வென்ற நாடு எது? கேட்டு முடிக்குமுன் நீங்கள் பொத்தானை அமத்திவிட்டீர்கள். "ஆர்ஜென்டினா." சரியான விடை உருகுவே. நாம் தோற்றோம்.

ஒளிபரப்பாகும்வரை முடிவை வீட்டில்கூடச் சொல்லக்கூடாது என்று அங்கே நம்மிடம் கேட்டுக்கொண்டார்கள். நீங்களும் சொல்லவில்லை. உங்கள் அம்மா நச்சரித்தபோதெல்லாம் "டீவில பாருங்கம்மா" என்றுதான் சொன்னீர்கள்.

அதற்குள், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், கடல் ஊருக்குள் வந்தது. அண்ணன், உங்கள் மகள் வினோவைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே மண்டூருக்கு எங்களிடம் வந்திருந்தார். நீங்கள் உடுப்புத் தோய்க்க வேண்டும் என்று நின்றுவிட்டீர்கள். உங்கள் அம்மா பக்கத்து வீட்டு மாடிப்படியைப் பிடித்துத் தப்பினார். உங்களை வாவிப் பக்கம் கண்டெடுத்தோம். அதை நான் விரித்து எழுதப் போவதில்லை.

சில கிழமை கழித்துத் தொலைக்காட்சியில் இருந்து தயாரிப்பாளர் எனக்கு அழைப்பு எடுத்தார். பத்திரிகையில் உங்கள் பெயரைப் பார்த்தாராம். நிகழ்ச்சியைப் போடுவதா, விடுவதா, குடும்பம் சொல்வதுபோலச் செய்கிறோம் என்றார். அண்ணனிடம் கேட்டேன். "மாமிட்டக் கேள். எனக்கு ஒண்டும் தெரியா" என்று எழுந்து போய்விட்டார்.

உங்கள் அம்மா அப்போது பள்ளிக்கூட முகாமில், ஒரு வகுப்பறை மூலையில் பாய் விரித்து இருந்தார். நான் சொன்னதைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார்.

"புள்ள, அவள் வெண்டவளா, தோத்தவளா? தோத்தவளெண்டா போட வேணாமெண்டு சொல்லு. செத்தும் போய், ஊருக்கு முன்னால தோக்கவும் வேணுமா என்ட புள்ள?"

ஊரில் முடிவு தெரிந்த ஒரே ஆள் நான். ஒரு சொல் சொல்லி ஒளிபரப்பை நிறுத்திவிட்டிருந்தால், நீங்கள் வென்றதாகவே எல்லாரும் நினைத்திருப்பார்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் மச்சாள்?

"தோத்துத்தான் மாமி" என்றேன். "ஆனா தோத்த பிறகு மச்சாள் ஒரு கத சொன்னவ. அத நீங்க கேக்கணும்."

"என்ன சொன்னவள்?"

"நான் சொன்னாச் சரிவராது. அவட வாயால கேளுங்க."

"அப்ப போடச் சொல்லு. கேப்பம்" என்றார்.

முகாமில் ஜெனரேட்டர் போட்டுப் பார்த்தோம். உங்கள் முகம் வந்ததும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் கேள்விகள் போகப் போகச் சனம் விடை சொல்லத் தொடங்கியது. கடைசிக் கேள்வியில், "அமத்து பவானி, அமத்து" என்று முன்னால் இருந்தவர்கள் கத்தினார்கள். அந்த ஒரு நிமிடம் அவர்கள் எல்லாவற்றையும் மறந்திருந்தார்கள். நானும்தான்.

"மன்னிக்கவும், உருகுவே. அந்த முறை ஆர்ஜென்டினா இரண்டாவது" என்றார் போட்டியை நடத்தியவர். நீங்கள் சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "அப்ப நாங்களும் ஆர்ஜென்டினாவும் ஒண்டுதான் சேர். ரெண்டாவதா வந்தவங்களுக்கும் சோறு இரிக்குத்தானே? பசிக்கிது."

முகாம் சிரித்தது. முதலில் சிரித்தது உங்கள் அம்மா. "வெண்டிருந்தாலும் இதத்தான் கேட்டிருப்பாள்" என்றார். பிறகு அழுதார். அலைக்குப் பிறகு அவர் அழுததை நான் அன்றுதான் கண்டேன். அண்ணன் பின்வரிசை வாங்கில் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். மூன்று வயது வினோ அவர் மடியில் நித்திரை.

அதற்குப் பிறகு யுத்தம் வாவிக்கு மேற்கே, எங்கள் படுவான்கரைப் பக்கம் திரும்ப வந்தது. ஷெல்லுக்குப் பயந்து வாவியைக் கடந்து ஓடி வந்தபோது, உங்கள் அம்மாதான் முகாமுக்குப் பிறகு கிடைத்த புது வீட்டில் எங்களுக்கு இடம் தந்தார்.

இப்போது வினோ பள்ளிக்கூடம் போகிறாள். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். கல்யாண வீடியோ தண்ணீரோடு போய்விட்டது. பாதைகள் திறந்ததும் கொழும்புக்குப் போய், நம் போட்டியின் பிரதி ஒன்று கேட்டேன். அந்தத் தயாரிப்பாளர் இப்போது அங்கு இல்லை. அங்கே வேலை செய்கிற ஒரு பிள்ளை பாவம் உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு வந்து, அந்த நாடாவில் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்கள் அக்கா என்றாள். தந்த தேநீரைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து வினோவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவள், "அம்மா தோத்துப்போட்டு அழுதவவா?" என்றாள்.

"இல்ல. திரும்பி வரக்குள்ள பஸ்ஸில என்ட தோள்ல சாஞ்சு குறட்டை விட்டவ."

"அம்மா குறட்டை விடுவாவா?"

அதை ஒருவரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. எப்படி என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். இன்னொருதரம் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மச்சாள், அவள் கேட்கும்போதெல்லாம் உங்களை உள்ளபடியே சொல்வேன். நீங்கள் வென்றதாக ஒருநாளும் சொல்லமாட்டேன்.

உங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்த,
உங்கள் புருசனின் தங்கச்சி,
ரேணு மச்சாள்
மண்டூர்