குன்னூர்ச் செடி

தென்காசி
12-4-58

அன்பு மகள் ஆவுடைக்கு,

நீ ஈரப்பாசி சுற்றி அனுப்பிய செடி வாடாமல் வந்து சேர்ந்தது. கிணற்றடி நிழலில் தொட்டியில் வைத்திருக்கிறேன். ஸ்ட்ராபெரிதான் என்று எழுதியிருக்கிறாய். இலையை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாதம்மா. இதே மூன்று இலையும் ஓடுகொடியுமாக ஒரு போலிச் செடியும் அந்த மலையில் உண்டு. இரண்டும் ரோஜாக் குடும்பம்தான், இரண்டுக்கும் ஐந்து இதழ்தான். போலி மஞ்சளாகப் பூக்கும். பழம் சிவந்திருக்கும், ருசி இராது. அசல் வெள்ளையாகப் பூக்கும். பூவைப் பார்க்குமுன் முடிவு செய்வது உன் சுபாவம். ஹபீபுல்லாவைக் கட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

பேறுகாலத்துக்கு இங்கே வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வெள்ளைப் பூ பூக்கட்டும். நானே வந்து அழைத்துப் போகிறேன்.

உன் நலம் நாடும் அப்பா,
பால்வண்ணநாதன்

குன்னூர்
3-5-58

அன்புள்ள அப்பாவுக்கு,

இருவரும் சுகம். தேயிலை ஆபீஸில் இவருக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தாய்ச்செடி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது. வெள்ளையாகத்தான் பூத்தது, பழமும் தின்றேன். நீங்கள் தோற்றுவிட்டீர்கள் அப்பா.

நான் மாசமாயிருப்பதை அம்மாவிடம் சொன்னீர்களா? அம்மாவுக்குப் படிக்கத் தெரியாததால் உங்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அம்மா கிண்டும் உளுந்தங்களி அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

ஆவுடை

தென்காசி
9-7-58

அன்பு மகளுக்கு,

சாரல் பிடித்துவிட்டது. விடியுமுன் அடுத்த வீட்டு வல்லிநாயகமும் நானும் சைக்கிளில் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு, நன்றாக விடிந்தபின் திரும்புகிறோம். வந்ததும் முதலில் தொட்டியைத்தான் பார்க்கிறேன். இலை தழைத்திருக்கிறது, பூ இல்லை. அங்கே இரண்டு செடியும் கலந்து வளரும். நீ பிடுங்கியது எதுவோ. ஒட்டுமாங்கன்று வாங்கினால் விற்றவன் சொன்ன பெயரையா நம்புகிறோம்? காய்க்கும்வரை பொறுக்கிறோம் அல்லவா?

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே ரயிலேறிவிடுவாள். உன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான்.

அப்பா

குன்னூர்
20-8-58

அப்பாவுக்கு,

செடி இருக்கட்டும். எட்டாம் மாதம் முடியப்போகிறது. இதற்குமேல் தள்ளினால் ரயிலில் போகக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்கள். இவர் நம் வீட்டுக்குள் வரமாட்டார். என்னை வாசலில் விட்டுவிட்டுத் தென்காசியிலேயே இருக்கிற தன் வீட்டுக்குப் போய்விடுவார். வா என்றோ வராதே என்றோ ஒரு வார்த்தை எழுதுங்கள்.

ஆவுடை

தென்காசி
14-9-58

அன்பு மகளுக்கு,

ஜலதோஷத்தால் இன்று அருவிக்குப் போகவில்லை. விடியும் வேளையில் அம்மா தொட்டியருகே குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“என்னத்தப் பறிக்கே?” என்றேன்.

“பூதான். பூக்குத அன்னிக்கெல்லாம் சாமிக்கு வைக்கேன். புள்ள அனுப்பின செடில்லா. நீங்க அருவிக்குப் போயிருதீய, எங்க பாக்கப் போறீய?”

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வெள்ளைப் பூ, ஐந்து இதழ். சாரல் தொடங்கியதிலிருந்தே பூக்கிறதாம். நீ சொன்னதுதான் சரி.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “வயித்துப் புள்ளக்காரிய ஒரு பூவுக்காகவா காக்க வச்சிய?” என்றாள். அப்போதே துணிமணியை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை இருவரும் புறப்படுகிறோம். ரயில் கூடாதென்றால் டாக்ஸி வைத்தாவது உன்னை அழைத்து வருகிறேன்.

அப்பா

குன்னூர்
18-9-58

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருமுன்பே பெண் பிறந்துவிட்டாள். இவருடைய அம்மா ஜாஹிரா பீவி தென்காசியிலிருந்து வந்து பார்த்துக்கொள்கிறார்கள். புறப்படுமுன் நம் வீட்டுக்கு வந்து, அம்மாவையும் கூட அனுப்பச் சொல்லிக் கேட்டார்களாமே. இன்னும் பூக்கவில்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினீர்களாம். உள்ளே அம்மா அம்மியில் அரைக்கிற சத்தம் மாமிக்குக் கேட்டதாம்.

“என்ன பூவும்மா அது? உங்கப்பா ஏன் அப்படிச் சொன்னாக?” என்று மாமி தினமும் கேட்கிறார்கள். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டே கேட்கிறார்கள்.

அம்மாவை ரயிலேற்றிவிடுங்கள். இவர் மேட்டுப்பாளையம் வந்து அழைத்துக்கொள்வார். நீங்கள் வர வேண்டாம்.

ஆவுடைத்தாய்